கடைமடைப் பள்ளியின் மழை நோட்டு

2018 ஜூன் 5 அன்று எங்கள் பள்ளி வளாகத்தில் 40 மரக்கன்றுகள் நட்டோம். புங்கன், வேம்பு, பூவரசு, நாலைந்து வாதாம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்கி, பெயர் எழுதிய அட்டை கட்டி, போட்டோ எடுத்து அனுப்பினோம். ஆடி முடிவதற்குள் பாதியை ஆடு மேய்ந்துவிட்டது. விடுமுறை நாட்களில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் மீதியும் காயத் தொடங்கியது. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஆறு கன்றுகள்தான் உயிரோடு இருந்தன. விடிந்தபோது அவையும் இல்லை.

நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. காவிரித் தண்ணீர் கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, இன்னும் எத்தனையோ மதகு தாண்டித்தான் கடைசியாக, கடைமடையான எங்களிடம் வரும். வராத வருஷமும் உண்டு. எங்களுக்குத் தெற்கே கடல். மேலே தண்ணீர் வராமல் போனால் காய்வோம். மழை கொட்டி வடியாமல் நின்றால் அழுகுவோம். இப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் பனிக்கரடி படம் காட்டிக் காலநிலை மாற்றம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புயலுக்குப் பிறகு பள்ளி திறந்ததும் அதே பாடத்தை எடுத்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க தென்னை மறுபடி எப்போ காய்க்கும்?" என்றாள். அவர்கள் வீட்டில் 30 மரமும் வேரோடு சாய்ந்திருந்தன. நெட்டை ரகம் வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்று சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் காலேஜ் போயிருப்பேன்" என்றபடி உட்கார்ந்தாள். என் கையில் இருந்த பாடத்துக்கும் அவள் கேட்ட கேள்விக்கும் நடுவே இருந்த தூரம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு நாங்கள் செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். டெல்டாவிலோ வேறு எங்கோ ஒரு பள்ளியில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியருக்குப் பயன்பட வேண்டும் என்பதால், சரியாக வந்ததோடு தப்பாகப் போனதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2019 ஜூனில் மழைமானியில் தொடங்கினோம். காசு செலவில்லை என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே காரணம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் தோள்பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாகச் செருகினோம். பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, இப்படி இரண்டு செய்தோம். முதல் மழைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு பாட்டிலும் இரண்டு அளவு காட்டின. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் நல்ல வகுப்பே அன்று நடந்ததுதான். ஏன் வேறுபடுகிறது என்று அவர்களே தேடினார்கள். பாட்டிலின் அடி சமதளமாக இல்லை, புடைப்பும் குழியுமாக இருக்கிறது. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்குகிறது. அது போக, ஒரு பாட்டில் வேப்பமரத்தடியில் இருந்தது. இலை தடுத்த மழையும் இலையிலிருந்து சொட்டிய மழையும் கலந்து விழுந்திருக்கிறது.

சரி, ஸ்கேலை விட்டுவிட்டுக் கணக்குக்குப் போனோம். புனல் வாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. அதில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 7.85 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். அப்படியானால் பாட்டில் எந்த வடிவத்தில் இருந்தாலும் கவலையில்லை. சேர்ந்த தண்ணீரை ஆய்வகத்து அளவு ஜாடியில் ஊற்றி, வந்த எண்ணை 7.85 ஆல் வகுத்தால் மழை அளவு கிடைத்துவிடும். வாய் விட்டம் வேறாக இருந்தால் அதற்கேற்ற எண்ணை ஒருமுறை கண்டுபிடித்து பாட்டில் மேலேயே எழுதிவிடலாம். எட்டாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பு எதற்கென்று கேட்ட பையன்தான் பிறகு எங்கள் கணக்கப்பிள்ளை ஆனான்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரம், சுவர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். கன்றுக்குட்டி முட்டித் தள்ளாதபடி ஒரு கல்தூணில் கம்பியால் கட்டினோம். தினமும் காலை 8.30 மணிக்கு எடுக்க வேண்டும். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது. மழை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து '0' என்று எழுத வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதுதான் பெரும்பாடு. வெறும் பாட்டிலைப் போய்ப் பார்ப்பானேன் என்று விட்டுவிடுவார்கள். கட்டம் வெறுமையாக இருந்தால், மழை பெய்யவில்லையா, யாரும் பார்க்கவில்லையா என்று ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியாது. எங்கள் முதல் நோட்டில் அப்படி 50-க்கும் மேல் வெற்றுக் கட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகள். பள்ளிக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் பிள்ளை ஒன்றைப் பிடித்த பிறகுதான் அது நின்றது. உங்கள் ஊரிலும் முதலில் அந்த எதிர்வீட்டுப் பிள்ளையைத் தேடுங்கள்.

எண் கிடைத்ததும் அதை ஊர்க் கணக்குக்கு மாற்றினோம். எங்கள் பக்கம் நிலத்தை மா, வேலி என்றுதான் சொல்வார்கள். ஒரு மா என்பது சுமார் 33 சென்ட், அதாவது 1,335 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆக, ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு மாவுக்கு 1,300 லிட்டருக்கு மேல் வந்து விழுகிறது. 60 மி.மீ. பெய்த ஓர் ஐப்பசிக் காலையில் ஒரு பெண் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "எங்க மூணு மாவுல ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் லிட்டர் நிக்குது டீச்சர், வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு, எங்க போவும்?" என்று கேட்டாள். கணக்குப் பாடமாகத் தொடங்கியது அந்த ஒரு நொடியில் வடிகால் பிரச்சினையாக மாறிவிட்டது. அடுத்த கிராம சபையில் அவளுடைய அப்பா அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசினார். வாய்க்கால் தூர்வாரப்பட்டது, கொஞ்சம் தாமதமாக.

பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை வைத்து அன்றன்றைய மழையை எழுதினோம். இரண்டு மாதத்தில் பெரியவர்கள் நின்று படிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் போன் வரத் தொடங்கியது. "டீச்சரம்மா, ராத்திரி எவ்வளவு பேஞ்சிருக்கு? மேலுரம் போடலாமான்னு பாக்குறேன்." தாலுகா அலுவலகத்து மழைமானிக் கணக்கு தினமும் வருகிறதுதான். ஆனால் டெல்டா மழை ஓர் ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூறலோடு நிற்கும். நம் ஊரில் எவ்வளவு என்பது இந்தப் பிள்ளைகளின் நோட்டில்தான் இருந்தது. பெரியவர்கள் வந்து கேட்கத் தொடங்கியதும் பிள்ளைகளை நான் விரட்ட வேண்டியிருக்கவில்லை. மரக்கன்று நட்டபோது இது நடக்கவில்லை. அந்தக் கன்று யாருக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை.

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது நோட்டு நின்றுவிடும் என்று நினைத்தேன். எதிர்வீட்டுப் பிள்ளை பாட்டிலைத் தன் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டான். நவம்பரில் நிவர், டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி. புரெவி வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று டெல்டா முழுக்கக் கொட்டியது நினைவிருக்கும். அந்த நாட்களில் பாட்டில் நிரம்பி வழியும் முன்பே, நடுராத்திரியில் குடையோடு போய் அளந்து ஊற்றிவிட்டு மறுபடி வைத்திருக்கிறான். நோட்டில் அன்றைக்கு மட்டும் மூன்று எண்களும் அவற்றின் கூட்டலும் இருக்கின்றன. இடி மின்னலில் மாடிக்குப் போகக் கூடாது என்று பிறகு கண்டித்தேன். இப்போது எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் முதல் விதியே அதுதான்: இடி கேட்டால் அளவு வேண்டாம்.

மழை நோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே சுவரில். மேட்டூர் அணை திறந்த தேதி ஒரு வரிசையில், எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்த தேதி எதிரில். வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12-க்குச் சரியாகத் திறந்தும், பின்னால் தண்ணீர் போதாமல் கடைமடையில் குறுவை நெல் கருகியது. 2024-இல் ஜூலை 28. இரண்டாவது வரிசையை நிரப்ப, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஐயாவைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் சைக்கிளில் ஷட்டருக்குப் போய், "ஐயா, வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு வருவார்கள். இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதே இல்லை. அந்தச் சுவரைப் பார்த்தபடி வளரும் பிள்ளைக்குக் குறுவை ஏன் சில வருஷம் இல்லை என்று புரியும்.

அடுத்து செய்த உப்பு வேலையில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கினோம். பிள்ளைகள் வீட்டுக் கைப்பம்பு, போர், குளத்துத் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். எந்தப் பாட்டிலில் கொண்டுவந்தாலும் அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஜூஸின் எண்தான் வரும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதாவது 35,000. ஊரை ஒரு படமாக வரைந்து, சித்திரையில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை எடுத்து வண்ணம் தீட்டினோம். தெற்கே போகப் போகச் சிவப்பு கூடியது. மழைக்குப் பிறகு சிவப்பு கொஞ்சம் பின்வாங்கியது. நிலத்தடியில் நல்ல தண்ணீர் குறையும்போது கடல் உள்ளே வருகிறது என்பதை இதைவிட நன்றாக என்னால் எந்தப் புத்தகத்தைக் கொண்டும் காட்டியிருக்க முடியாது.

அந்தப் படத்தில் வீட்டுக்காரர் பெயர்களையும் எழுதியிருந்தோம். ஆண்டுவிழாவில் மாட்டினோம். மறுநாள் ஓர் அம்மா வந்து, "எங்க தண்ணி உப்புன்னு ஊருக்கே எழுதி ஒட்டிட்டீங்களே, பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்று அழுதார். இன்னொருவர் நிலம் விற்கப் பேசிக்கொண்டிருந்தவர், அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. படத்தை அன்றே கழற்றினேன். அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு வீடுகளுக்கு எண் மட்டும்தான். எந்த எண் யார் வீடு என்பது என் பீரோவில் இருக்கும், கேட்டவருக்கு அவர் வீட்டு அளவை மட்டும் சொல்வோம். மக்களிடமிருந்து எடுக்கும் எந்த அளவுக்கும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள், பிள்ளை வழியாக இல்லாமல் நேரில். இன்னொரு விஷயமும் உண்டு. மீட்டரில் எண் குறைவாக வந்ததும் ஒருவர் குளத்துத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டார். மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. இதை முதல் நாளே பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும்படி செய்துவிட வேண்டும்.

நான் அதிகம் யோசித்து எடுத்த பாடம் வயல் சேற்றைப் பற்றியது. தண்ணீர் கட்டி நிற்கும் நடவு வயலில் வரப்போரம் நின்று, சேற்றைக் காலால் மெல்ல அமுக்கினால் குமிழ் வரும். வயலில் இறங்கிய எந்தப் பிள்ளையும் இதைப் பார்த்திருக்கும், ஆனால் அது என்ன என்று கேட்டிருக்காது. ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாயில் புனலைப் பொருத்தி, தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்தோம். ஒரு பையன் சேற்றைக் கிளற, குமிழ்கள் புனல் வழியே ஏறின. பாட்டிலுக்குள் தண்ணீர் இறங்க இறங்க மேலே வெற்றிடம் போல ஒன்று வளர்ந்தது. "சேத்துக்குள்ள யாரோ மூச்சு விடுறாங்க" என்றாள் ஒருத்தி. காற்றுப் போகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கிய வைக்கோலைத் தின்று வெளிவிடும் மீத்தேன்தான் அதில் முக்கியமானது. 1776-இல் இத்தாலியில் வோல்ட்டா இப்படி ஒரு ஏரிக்கரைச் சேற்றைக் கிளறித்தான் இந்த வாயுவைச் சேகரித்தார். பேட்டரி கண்டுபிடித்த அதே வோல்ட்டா. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பற்றவைத்துப் பார்க்கலாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கூடாது. அளந்துவிட்டுத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள்.

அன்று மாலையே ஒரு பையன் வீட்டில் போய், "நம்ம வயலுதான்ப்பா பூமியைச் சூடாக்குது" என்று சொல்லியிருக்கிறான். அவன் அப்பா மறுநாள் பள்ளிக்கு வந்துவிட்டார். "ஊருக்குச் சோறு போடுறவன் நான். ஏசி போட்டு கார்ல போறவனை விட்டுட்டு எங்க வயலைக் குத்தம் சொல்லிக் குடுக்குறீங்களா டீச்சர்?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. உலகத்தைச் சூடாக்கியதில் பெரும்பங்கு நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்ததுதான். அதில் அவர் பங்கு மிகச் சிறியது. ஆனால் பருவம் தப்பிய மழையில் கதிர் சாய்ந்து முளைவிடுவது அவர் வயலில்தான். இந்தக் கணக்கைச் சொல்லாமல் மீத்தேனை மட்டும் சொன்னது என் பிழை. இப்போது அந்த வகுப்பை எரிபொருளில் தொடங்கி, சேற்றில் முடிக்கிறேன். பெற்றோர் மீது பிள்ளை குற்றம் சுமத்தும்படி எந்தப் பாடத்தையும் வைக்கக் கூடாது என்பதில் நான் இப்போது மிகவும் கறாராக இருக்கிறேன்.

அதன் தொடர்ச்சியாக காய்ச்சலும் பாய்ச்சலும் செய்துபார்த்தோம். வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல், காயவிட்டுப் பாய்ச்சும் முறை. ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் துளைகள் போட்டு வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. போகும்வரை பொறுத்து, பிறகு பாய்ச்சலாம். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். எங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "வந்த தண்ணிய விட்டுட்டு அடுத்த முறை வரலன்னா நீங்களா ஊத்துவீங்க?" என்றார்கள். கடைமடைக்காரனுக்கு அது வெறும் பிடிவாதம் அல்ல. கடைசியில் மன்னார்குடிப் பக்கம் பம்ப்செட் வைத்திருக்கும் என் சித்தப்பா நாலு மாக் குறுவையைக் கொடுத்தார். பிள்ளைகள் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் போய்க் குழாயில் குச்சி விட்டு அளந்தார்கள். சித்தப்பா மோட்டார் ஓட்டிய மணிகளைக் காலண்டரில் குறித்துவைத்தார். பக்கத்து வயலைவிட ஓட்டிய நேரம் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. மறுவருஷம் தானாகவே குழாயை எடுத்து நட்டார். சம்பாவில் ஐப்பசி அடைமழைக்கு நடுவே இதைச் செய்யவே முடியாது, முயலவும் வேண்டாம். ஓர் ஊருக்குப் பொருந்தும் தீர்வு பத்து மைல் தள்ளிப் பொருந்தாது என்பதைப் பிள்ளைகள் பஸ் டிக்கெட் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

பிளாஸ்டிக் சேகரிப்பு, மஞ்சப்பை, ஓவியப் போட்டி எல்லாம் நாங்களும் செய்கிறோம். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒரு முறை வனத்துறை அனுமதியோடு படகில் போனோம். சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நிமிர்ந்து நின்ற மூச்சுவேர்களைப் பார்த்ததும், சேற்றில் காற்றில்லை என்று வயலில் படித்தது பிள்ளைகளுக்குத் தானாக நினைவு வந்தது. வயல் பாடம் முடித்த பிறகு கூட்டிப் போங்கள், அதற்கு முன்னால் போனால் அது வெறும் சுற்றுலா.

புயலைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். கஜாவில் கூரை பறந்ததைப் பார்த்த பிள்ளைக்குப் புயல் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஒருமுறை காணொளி போட்டேன், ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். இப்போது படம் காட்டுவதில்லை. பதிலாக, எச்சரிக்கை வந்தால் வீட்டில் யார் எதை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், பாட்டியின் மாத்திரை, டார்ச், கட்டுத்தறியிலிருந்து மாட்டை அவிழ்த்துவிடுவது. கனமழை என்றால் 64.5 மி.மீ.க்கு மேல், மிகக் கனமழை என்றால் 115.6 முதல், அதிகனமழை என்றால் 204.4-ஐத் தாண்டியது. இந்த எண்கள் அவர்களுக்கு வெறும் செய்தி இல்லை. பாட்டிலில் பார்த்தவை.

பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, "இது காலநிலை மாற்றமா டீச்சர்?" 2021 பொங்கலை ஒட்டி மழை கொட்டி அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தபோது கேட்டார்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடி அதே மாதிரி பெய்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பியபோதும் கேட்டார்கள். ஒரு மழையை வைத்துச் சொல்ல முடியாது, ஓர் இடத்தின் காலநிலையைச் சொல்ல 30 வருஷக் கணக்கு வேண்டும் என்பேன். காற்று சூடாக ஆக அதிக ஈரத்தைப் பிடித்துவைக்கும், பெய்யும்போது மொத்தமாகக் கொட்ட அது காரணமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். 30 வருஷம் என்றதும் அவர்கள் முகம் மாறும். அதனால் தாத்தா பாட்டிகளிடம் போகச் சொன்னேன். எந்த மாதம் எந்த ஆறு உடைந்தது, எந்தத் தையில் மழை பெய்தது, உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல்லை எந்த உப்பு வயலில் விதைத்தார்கள் என்று ஒரு தனி நோட்டு எழுதுகிறார்கள். நினைவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவும் வரும். இருவர் வேறு வேறு வருஷம் சொன்னால் இரண்டையும் எழுதிவைக்கச் சொல்கிறேன். திருத்த வேண்டாம்.

ஒப்படைப்பு பற்றி ஒன்று மட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்தால் தைக்குப் பிறகு பொதுத்தேர்வு வந்து நின்றுவிடும். ஏழாம் வகுப்பில் கொடுத்து, எட்டில் பெரியவர்களாக்கி, ஒன்பதின் முடிவில் அடுத்த ஏழுக்குக் கைமாற்றுகிறோம். கைமாற்றும் நாளில் பழையவரும் புதியவரும் ஒரு வாரம் சேர்ந்தே அளக்க வேண்டும். வட்டத்தின் பரப்பைப் புதியவர் தானாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் பேனா அவர் கைக்குப் போகும்.

தென்னையைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன ஐப்பசி விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் பள்ளிப் பக்கம் வந்தாள். கரும்பலகையில் அன்றைய எண் இன்னும் எழுதப்படவில்லை, மணி 8.40 ஆகிவிட்டது. எதுவும் சொல்லாமல் தூணுக்குப் போய் பாட்டிலைக் கழற்றி, ஜாடியைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். ஓடிவந்த ஏழாம் வகுப்புப் பையன் நோட்டைப் பிரித்துக்கொண்டே, "அக்கா, எவ்வளவு?" என்றான். "நீ பாத்து சொல்லு" என்று ஜாடியை அவனிடம் நீட்டினாள்.